எள் கலக்காத மூட்டை

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அங்கே நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன், அப்படி இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் அப்படி ஆகிவிடுங்கள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பாதியிலேயே அழுதுவிடுகிறாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசி வைத்துவிடுகிறேன். காகிதம் நல்லது, குறுக்கே பேசாது. உன் சித்தி கார் ஓட்டப் படிக்கிறாள், தெரியுமா. சொல்லிக்கொடுப்பவர் முதல் நாளே, "ஓட்டறது அப்புறம் இருக்கட்டும்மா, முதல்ல கண்ணைத் திறங்க" என்றாராம். அவளே சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள். மாப்பிள்ளைக்கு வேலை நேரம் மாறியது நல்லதாகப் போயிற்று, சாயங்காலம் பிள்ளையோடு இருக்கலாம் அல்லவா, நான் கேட்டதாகச் சொல்.

முதலில் சொல்லவேண்டிய நன்றியைச் சொல்லிவிடுகிறேன். குட்டிப்பயலின் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறும் அந்த அம்மாளைத்தான் சொல்கிறேன். நீ சொன்னதை அப்பாவுக்கு நான் எத்தனை தடவை திருப்பிச் சொன்னேன் என்று கணக்கே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த பையன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்ததும், இவன் வாங்கித் தின்றதும், கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி மூச்சு விசிலடிக்க ஆரம்பித்ததும், பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு நிற்கும்போது அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அவன் பையைத் துழாவி, முன்பு ஒரு தடவை எள் ஆகாமல் உடம்பெல்லாம் தடித்தபோது டாக்டர் எழுதிக்கொடுத்த அந்த ஊசியை எடுத்து, கால்சட்டைக்கு மேலேயே தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாளே, அந்தக் கைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்து, ஆம்புலன்ஸில் சைரன் போட்டார்களா இல்லையா என்று நர்ஸோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான் என்றாய். அந்தச் சண்டையை நினைத்துத்தான் நான் தினமும் எழுந்திருக்கிறேன். அந்த அம்மாளுக்கு ஒரு கம்பளிச் சால்வை பின்னுகிறேன். நூல் புதிது, சித்தி வீட்டில் வைத்துத்தான் பின்னுகிறேன், எள் ஒட்டிய என் தொழிற்சாலைத் துணி எதுவும் அதன் பக்கம் போகவில்லை. அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று விசாரிக்காமலே நீல நூல் வாங்கிவிட்டேன், நீலம் யாருக்குத்தான் பிடிக்காது.

அன்றைக்கு அழுகையோடு அழுகையாக நீ ஒன்று கேட்டாய். "உன் உடம்பு முழுக்க எள்ளும்மா, வீடு முழுக்க எள்ளு, அங்க இவனை எப்படிம்மா கூட்டிட்டு வருவேன்" என்றாய். நான் மழை பெய்கிறதா என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன் கண்ணு. நீ சொன்னது பொய்யில்லை. நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினால் அதில் எள், காதைத் துடைத்தால் எள், தலையணையைத் தட்டினால் எள். உன்னைப் பிழிந்தால் ஒரு பாட்டில் எண்ணெய் எடுக்கலாம் என்று அப்பா கேலி செய்வார். நீயும் எங்கள் தொழிற்சாலைக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவில் ஓடி விளையாடி, கைநிறைய அள்ளித் தின்று வளர்ந்தவள்தான், உனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. உன்னைப் படிக்க வைத்ததும் அந்த எள்தான், உன் கல்யாணத்துக்கும் விமான டிக்கெட்டுக்கும் கைகொடுத்ததும் அதுதான், உன் பிள்ளையின் மூச்சைப் பிடித்ததும் அதுதான். யாரிடம் போய்க் கோபப்படுவது. எங்கெங்கேயோ வெயில் நாடுகளில் விளைந்து, புரியாத எழுத்து அச்சடித்த சாக்குகளில் கப்பலேறி எங்களிடம் வந்து, எங்கள் கையில் கல் நீங்கி, தோல் நீங்கி, வெள்ளைவெளேர் என்று மறுபடியும் கப்பலேறி, நீ இருப்பது மாதிரியான குளிர் நாடுகளுக்குப் போகிறது. அதற்குக் கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை. நாங்கள்தான் அதைப் பார்த்து அனுப்ப வேண்டும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன், மெதுவாகப் படி. இந்த வருஷம் எள் விளைகிற நாடுகளில் ஒன்றில் மழை பொய்த்துவிட்டது, இன்னொன்றில் அறுவடை நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டது. எங்கேயோ மழை பெய்தால் எங்கள் முதலாளிக்குத்தான் ஜலதோஷம் பிடிக்கும். வரவேண்டிய எள்ளில் பாதி வரவில்லை, வந்ததற்கும் எல்லா நாட்டுக்காரர்களும் போட்டி போட்டு விலையை ஏற்றிவிட்டார்கள். மெஷின் சும்மா நின்றால் பாக்கிங்கில் இருக்கும் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அனுப்ப மனசில்லாமல் முதலாளி அலைந்து திரிந்து, வெளிநாட்டு ரொட்டித் தொழிற்சாலை ஒன்றுக்குச் சூரியகாந்திப் பருப்பைச் சுத்தம் செய்து அனுப்பும் வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரே நிபந்தனை, அதில் ஒரு எள்கூடக் கலக்கக் கூடாது. எள் ஓடிய அதே மெஷின்தான், அதனால் மெஷின்காரர் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகக் கழுவித் துடைத்தார். அவரை நாங்கள் எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம், வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. சல்லடையைக் கழற்றினார், குழாய்களைக் காற்றடித்து ஊதினார், கண்ணுக்குத் தெரிந்த இடம் எதையும் விடவில்லை. அப்புறம்தான் பருப்பை ஓட்டினோம். மூட்டை தைத்து, கண்டெய்னரில் ஏற்றி, சீல் வைத்து, ஒரு நாள் காலையில் லாரி துறைமுகத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. கப்பல் அன்று சாயங்காலம்.

லாரி போன பிறகு நான் மெஷினுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தேன். விதையைக் கீழேயிருந்து மேலே தூக்கிப்போகும் பட்டை ஒன்று உண்டு, சின்னச் சின்ன வாளிகள் கோத்தது, நீ சிறுபிள்ளையில் அதைப் பார்த்து ராட்டினம் என்பாய். அதன் அடியில் ஒரு இரும்பு மூடி, துருப்பிடித்து இறுகிப்போனது. அந்த மூடியின் விளிம்பில் கோடு போட்ட மாதிரி ஏதோ சிந்திக் கிடந்தது. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன், பருப்புத் தூளும் எள்ளும். அந்த மூடிக்குள்ளே பழைய எள் தங்கியிருந்து, பருப்பு ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு சரக்கிலும் கொஞ்சம் சாம்பிள் எடுத்து வைப்போம், ஓடிப்போய் அந்தப் பையைப் பிரித்துக் கறுப்புத் தட்டில் கொட்டிப் பரப்பினேன். பருப்பும் வெளுப்பு, எள்ளும் வெளுப்பு, சட்டென்று கண்ணுக்குப் பிடிபடாது. முதலில் ஒன்றுமில்லை என்றுதான் மூச்சுவிட்டேன். அப்புறம் ஒரு எள் தெரிந்தது. ஒன்று தெரிந்தபிறகு கண் பழகி, அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று தெரிந்துகொண்டே போனது. அந்தத் தட்டில் எனக்குக் குட்டிப்பயலின் வீங்கின உதடுதான் தெரிந்தது, நான் பார்க்காத முகம், நீ சொல்லிக் கேட்டது.

தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே முதலாளி அறைக்குப் போனேன். அவருடைய மச்சானும் இருந்தார், கொடுக்கல் வாங்கல் எல்லாம் பார்ப்பவர், கெட்டவர் இல்லை, ஆனால் வாய்க்குச் சுங்கம் கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "வாங்கறவன் ரொட்டிக்காரன். அவனே ரொட்டி மேல எள்ளைத் தூவித்தானே சுடப்போறான், நாம முன்கூட்டியே கொஞ்சம் இனாமாக் குடுத்ததா இருக்கட்டும்" என்றார். கப்பலை விட்டால் ரொட்டிக்காரர் ஆர்டரையே ரத்து செய்வார், அப்புறம் பருப்பும் இல்லை எள்ளும் இல்லை, எல்லோரும் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்றும் சொன்னார். அதுவும் பொய்யில்லை. முதலாளி எழுந்து வந்தார். தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கடைசியில், "நீங்க சொல்லுங்கக்கா, இது போகலாமா?" என்று என்னைக் கேட்டார். என் பேரன் தின்ற ரொட்டி மேல எள் இல்லைங்க என்று மட்டும்தான் சொல்ல வந்தது. மேலே எள் இருந்திருந்தால் அவனே தொட்டிருக்க மாட்டான், நாலு வயதுப் பிள்ளையானாலும் அந்த அளவுக்கு நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய். உள்ளே இருந்ததுதான் யாருக்கும் தெரியவில்லை. முதலாளி போனை எடுத்தார்.

லாரி ஓட்டிப் போனது யார் தெரியுமா, மீசை மாமா. உன்னைத் தூக்கி ஸ்டீயரிங்கில் உட்கார வைப்பாரே அவரேதான், மீசை மட்டும் இப்போது பஞ்சாகிவிட்டது. துறைமுக வாசல் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, எள் விழ இடமில்லை. முதலாளி போனில் அதிகம் விளக்கவில்லை, "அக்கா பேரனுக்கு வந்த மாதிரி இன்னொரு புள்ளைக்கு வந்துடக் கூடாது, திரும்பிடுங்க" என்றார், அவ்வளவுதான். நம் குட்டிப்பயல் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும், நான்தான் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறேனே. மாமா இறங்கி, பின்னால் நின்ற ஒவ்வொரு லாரியாகப் போய்க் கண்ணாடியைத் தட்டினாராம். வரிசையில் பின்னால் போவது என்றால் டிரைவர்களுக்கு எப்படி எரியும் என்று உனக்குத் தெரியாது, கடித்துக் குதறிவிடுவார்கள். இவர், "ஒரு குழந்தைக்காகத் திரும்பறேன்பா, வழி விடுங்க" என்று மட்டும் சொன்னாராம். எந்தக் குழந்தை, என்ன குழந்தை என்று ஒருவரும் கேட்கவில்லையாம். கடைசி லாரியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் நகர்ந்து கொடுத்தார்களாம். அவர் இதைச் சொன்னபோது நான் முகத்தை மூடிக்கொண்டேன். பேர் தெரியாத அத்தனை டிரைவர்களுக்கும் நான் எங்கே போய் நன்றி சொல்வேன். லாரி உள்ளே நுழைந்ததும் சுமை தூக்குகிறவர்களில் ஒருவர், "காலையில போயிட்டு வான்னு சொல்லி அனுப்பினோம், சொன்ன பேச்சைத் தட்டாம வந்துடுச்சு பாருங்க" என்றார். அந்த நிலைமையிலும் எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் அத்தனை மூட்டையையும் இறக்கினார்கள்.

ஆனால் அதற்கப்புறம் வந்த நாட்கள் சிரிக்கிற மாதிரி இல்லை. முதலாளி ரொட்டிக்காரருக்கு உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன் என்று மச்சான் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார். பதில் வரவில்லை. விசில் வாய் மூடிவிட்டார், தன் தலையில்தான் விடியும் என்று அவருக்குப் பயம். நானே போய், அந்த மூடி திறக்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், உங்கள் ஒருவர் தப்பு இல்லை என்றேன், தலையை ஆட்டினார், குனிந்து துருவைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அதைவிட எனக்கு வலித்தது எடை போடுகிறவள் சொன்னதுதான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் அவளுக்கு, புருஷனுக்கு நிலையான வேலை இல்லை. "எங்கேயோ இருக்கற யாரோ ஒரு புள்ளைக்காக எங்க புள்ளைங்க சோத்துல கை வெக்கிறீங்களேக்கா" என்றாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லி அழுதேன். அப்பா எப்போதும் போலக் கேலி செய்வார் என்று பார்த்தால், காலை நீவிக்கொண்டே, "அந்தப் பொண்ணு சொன்னதும் சரி, நீ செஞ்சதும் சரி. ரெண்டும் சரியா இருந்தா தூக்கம் வராதுதான்" என்றார். அன்றைக்கு அவர்தான் சமைத்தார். உப்பில்லை, ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை, நன்றாயிருக்கிறது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பதில் கடைசியில் போனில் வந்தது. ரொட்டித் தொழிற்சாலையில் சரக்கு வாங்கும் அதிகாரி ஒரு பெண்ணாம், அவளே பேசினாள். முதலாளி ஸ்பீக்கரைப் போட்டார், நாங்கள் வாசலில் கூட்டமாக நின்றோம், எங்களுக்கு அவள் பேச்சு ஒன்றும் புரியவில்லை, முதலாளி முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் அசையாமல் நின்றது, அப்புறம் நாற்காலியில் சாய்ந்தது. போனை வைத்துவிட்டுச் சொன்னார். திரும்பி வந்த சரக்கை எள் கலந்தது என்று மூட்டைக்கு மூட்டை பெரிதாக எழுதி அனுப்பச் சொல்லிவிட்டாளாம், எள் தூவிச் சுடுகிற ரொட்டிக்கு அதைப் போட்டுக்கொள்வார்களாம். விலையைக் குறைத்துத்தான் எடுத்தாள், அது நியாயம்தான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சுத்தமான சரக்குக்கு ஆர்டர் அப்படியே நிற்கிறது என்றாளாம், ஒரே மெஷினில் இரண்டையும் ஓட்டாமல் தனியாக வைத்துச் செய்தால் வருஷம் முழுக்க எங்களிடமே வாங்குவதாக எழுதியே கொடுப்பதாகவும் சொல்லிவிட்டாள். "தப்பு நடந்ததைச் சரக்கு வந்த பின்னாடி நாங்க கண்டுபிடிச்சுத்தான் பழக்கம், அனுப்பறதுக்கு முன்னாடி நீங்களா சொல்லிட்டீங்க" என்று அவள் சொன்னதை முதலாளி எங்களுக்கு இரண்டு தடவை சொன்னார். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் அப்போதே இதை எதிர்பார்த்ததாகச் சொன்னார், நாங்கள் அதையும் நம்பியது மாதிரி தலையாட்டினோம். எடை போடுகிறவள் சாப்பாட்டு நேரத்தில் என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் நிரப்பிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு அது போதும்.

பின்னால் காலியாகக் கிடந்த கொட்டகையை முதலாளி தனியாக அடைத்துவிட்டார். தனி வாசல், தனி மெஷின், உடுப்பு மாற்றத் தனி அறை, எள் பக்கத்து ஆட்கள் அங்கே வரக்கூடாது, அங்கே இருப்பவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது. துருப்பிடித்த மூடியை வெட்டி எறிந்துவிட்டுத் திறந்து மூடுகிற மாதிரி புதிது போட்டவர் விசில்தான். அந்தக் கொட்டகையை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார். இத்தனை வருஷம் எள்ளோடு கிடந்தவளை ஏன் அங்கே போடுகிறீர்கள் என்று கேட்டேன். "எள்ளைப் பார்த்தா பயப்படற ஆள் ஒருத்தர் அங்க வேணும்க்கா, அப்புறம் உங்க பேரனும் ஒரு நாள் வரணுமில்ல" என்றார். நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை கண்ணு. இவனை எப்படிக் கூட்டி வருவேன் என்று நீ போனில் கேட்டதை ஒருவரிடமும் சொன்னதுகூட இல்லை. அவராக நினைத்துச் செய்தார். நல்லவர்கள் நடுவில் என் காலம் ஓடியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. இப்போது சூரியகாந்திக் கொட்டகைக்குப் போய் வருகிறேன், ஒரு பருவம் முடியப் போகிறது. முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது அப்பா கதவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "யாரும்மா நீங்க, வீடு மாறி வந்துட்டீங்களா" என்றார். பழைய மெத்தையையும் தலையணைகளையும் தூக்கிக் கொடுத்துவிட்டோம், அலமாரியை நகர்த்தி, தரையின் இடுக்கெல்லாம் ஈரத்துணியால் துடைத்தோம், அப்பா முழங்காலைத் திட்டிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். சமையலறையில் எண்ணெயை மாற்றியாயிற்று, பாத்திரம்கூடப் புதிதுதான்.

நான் உன்னை வா என்று கட்டாயப்படுத்தவில்லை. முதலில் அவனுடைய டாக்டரிடம் இதெல்லாம் சொல்லிக் கேள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், நான் மனசு சுணங்க மாட்டேன். சரி என்றால் டிக்கெட் எடுக்கும்போதே விமானக்காரர்களிடம் சொல்லி வை, ஊசி இரண்டு எடுத்துக்கொள், பெட்டியில் போடாதே, கையோடு வைத்துக்கொள். எங்களுக்கும் அதை எப்படிப் போடுவது என்று போனில் காட்டிக்கொடு, அப்பா இப்போதே ஒரு பேனாவை வைத்துத் தன் தொடையில் குத்திப் பழகிக்கொண்டிருக்கிறார். பிள்ளையைப் பயமுறுத்திப் பயமுறுத்தி வளர்க்காதே, ஜாக்கிரதை வேறு, பயம் வேறு. அந்த ரொட்டி கொடுத்த பையனோடு பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறாயாம், அது தப்பு, தன்னிடம் இருந்ததில் பாதியைக் கொடுத்த பிள்ளை அது, ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு இரண்டு பேரையும் சேர்ந்து விளையாட விடு. நீயும் வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் அன்றைக்கே முடித்துவிடு, மறுநாளைக்கு மிச்சம் வைக்காதே. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுசோடு, நிறைந்த மனசோடு, மூச்சுக்கு ஒரு தடையும் இல்லாமல் வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உங்கள் தலைமேல் இருக்கிறது. சால்வை தனியாக வரும், வந்ததும் அந்த அம்மாள் கையில் நீயே கொண்டுபோய்க் கொடு, குட்டிப்பயலையும் கூட்டிப்போ, அவனே கொடுக்கட்டும். அவனிடம் ஒன்று மட்டும் சொல், பாட்டி இப்போதெல்லாம் வேலை முடிந்து நேரே வந்து நாற்காலியில் உட்காருகிறாள், மடியைத் தட்டி உதற வேண்டியதே இல்லை, அவன் எப்போது வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம்.

இப்படிக்கு,
உன் வரவுக்கு வாசல் துடைத்து வைத்திருக்கும்
அம்மா